நாலு ட்ராக் பொருத்தம்

"நாலு ட்ராக் போதுமா சார், எட்டு ட்ராக்காப் பாக்கறீங்களா?"

கடைக்காரர் ராஜாராமன் மறுபடியும் கேட்டார். ஹேமநாத் மறுபடியும் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். ஒரு வாரமாக இதே கதைதான். மறைமலை நகர் கார் ஃபேக்டரியில் வேலை முடிந்ததும் ரயிலேறுவான், வீட்டுக்குப் போகாமல் தாம்பரத்தில் இறங்குவான், இந்த இசைக்கருவிக் கடையின் கண்ணாடி அலமாரியை முறைப்பான், "நாளைக்கு வரேன்" என்று நழுவிவிடுவான். இன்று நழுவ முடியாது. நிச்சயதார்த்தத்துக்கு நாள் நெருங்கிவிட்டது.

அலமாரியில் இரண்டு சின்ன டிஜிட்டல் ரெக்கார்டர்கள் இருந்தன. பேட்டரியில் ஓடும், பைக்குள் போட்டு எடுத்துப் போகலாம். வீணைக் குடத்தைத் தட்டிப் பார்த்தே அது எந்த ஊர்ப் பலா என்று சொல்லக்கூடிய ராஜாராமனுக்கு, இந்த மெஷின்களைப் பற்றி அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்தது மட்டும்தான் தெரியும்.

"இதுல வேகத்தைக் குறைச்சுக் கேக்கலாமா?"

"இருக்கு சார்."

"கூடவே தாளம் போடுமா?"

"அதுவும் இருக்கு சார்."

"தப்பா வாசிச்சா அதுவே சரி பண்ணிக்குமா?"

ராஜாராமன் அட்டைப்பெட்டியை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "அது போடலை சார்."

ஹேமநாத் பெருமூச்சு விட்டான். அவனுக்கு வேண்டியிருந்த வசதி அது ஒன்றுதான். ஏனென்றால், அவனுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது.

வினை சேலையூரில் ஆரம்பித்தது. பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் சித்தப்பா தயாளன் கேசரித் தட்டை நீட்டிக்கொண்டே, "எங்க தேவதர்ஷினி பிரமாதமா பாடுவா" என்றார். அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் பிள்ளை வீட்டார் என்று வெளியே சொல்லிக்கொள்ள முடியுமா? ஹேமநாத்தின் அம்மா அங்காளம்மாள் கேசரியை அப்படியே கீழே வைத்தாள். "எங்க பையன் மட்டும் என்ன? கிட்டார் வாசிப்பான்!" என்றாள்.

அதை முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. அவனிடம் கிட்டார் இருந்தது. கல்லூரி நாட்களில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயிலில் போய் வந்திருக்கிறான். உறையை விட்டு வெளியே எடுத்ததுதான் குறைவு.

அப்போதே மறுத்திருக்கலாம். ஆனால் தேவதர்ஷினி தலையை நிமிர்த்தி நேராக அவனைப் பார்த்துவிட்டாள். "கிட்டார்ல எத்தனை கம்பி?" என்று கேட்டாள்.

"ஆறு."

"கரெக்ட்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஹேமநாத் தொலைந்தான். இந்தப் பெண் இல்லையென்றால் தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அந்தக் கேசரியின் மேல் சத்தியம் செய்துகொண்டான்.

"நீயும் ஒரு பாட்டுப் பாடேம்மா" என்று அங்காளம்மாள் கேட்டதற்கு அவள்தான் யோசனை சொன்னாள். "இப்ப கூச்சமா இருக்கு ஆன்ட்டி. அவர் முதல்ல கிட்டார் வாசிச்சு ரெக்கார்ட் பண்ணிக் குடுக்கட்டும். அதுக்கு மேலயே நான் பாடித் தரேன். நிச்சயதார்த்தத்துல எல்லாரும் கேக்கலாம்."

பெரியவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். அந்த ஆயிரத்தில் ஒன்றை வாசித்துக் காட்டச் சொன்னால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லிவைக்கவில்லை.

"நாலு ட்ராக்கே குடுங்க" என்றான் ஹேமநாத்.

பொழிச்சலூர் வீட்டில் மெஷினைச் சுற்றிக் குடும்பமே உட்கார்ந்தது. அப்பா தாமோதரன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் இப்போது வரிசையாகப் போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர் அவர்.

"நாலு ட்ராக்குன்னா என்னடா?"

"நாலு பேரைத் தனித்தனியா ரெக்கார்ட் பண்ணலாம்ப்பா. அப்புறம் சேர்த்துக் கேக்கலாம். வேணாம்னா ஒருத்தரை மட்டும் நிறுத்திடலாம்."

"நம்ம போர்ஷன் மாதிரின்னு சொல்லு. ஒருத்தன் காலி பண்ணாலும் மத்தவன் இருப்பான். எட்டு வாங்கியிருக்கலாமே, வாடகைக்காவது விட்டிருக்கலாம்."

அம்மாவோ குற்ற உணர்ச்சி என்பதே இல்லாமல் மெஷினுக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். "நீ வாசிப்பேடா. என் வாய்ல வந்தது பொய்யாகாது" என்றாள்.

மறுநாளே அவன் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தான். அவன் திட்டம் இதுதான்: பாட்டை மெதுவாக, ஒவ்வொரு சுரமாகத் தடவித் தடவி வாசித்துப் பதிவு செய்வது, பிறகு மெஷினில் வேகத்தைக் கூட்டிவிடுவது. காலையெல்லாம் உழைத்தான். விரல் நுனிகள் எரிந்தன. வேகத்தைக் கூட்டிப் போட்டான்.

சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "ஹேமா, எலிப்பொறியில ஏதோ மாட்டிக்கிச்சு பாரு!"

கொஞ்சம் சுமாராக வந்த இடங்களிலும் விமானம் வந்தது. விமான நிலையத்தை ஒட்டியிருக்கும் பொழிச்சலூரில் விமானத்துக்குப் பயந்து எதையும் செய்யாமல் இருக்க முடியாது; பேசிக்கொண்டிருப்பவர்கள் அது தலைக்கு மேல் போகும்வரை வாயை மூடிக்கொண்டு, போனதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடர்வார்கள். மெஷினுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அது எல்லாவற்றையும் பதிவு செய்தது. ஹெட்போனில் கேட்டால் கிட்டார் எங்கோ தூரத்தில் இருந்தது, விமானம் மட்டும் பக்கத்திலேயே நின்று பாடியது.

சத்தம் வராத இடமாக இருக்கட்டும் என்று கிட்டாரோடு குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். வெகு நேரம் ஆகியும் வெளியே வரவில்லை. அப்பா கதவைத் தட்டினார்.

"என்னடா, வயித்துல ஏதாவது...?"

"இல்லப்பா, பிராக்டிஸ்."

தாமோதரன் திரும்பிப் போய் மனைவியிடம் சொன்னார். "ஓமத் தண்ணி போடு. ரொம்பத்தான் முனகறான்."

அன்று மாலை தேவதர்ஷினி செல்போனில் கூப்பிட்டாள்.

"எந்த சுருதில வாசிக்கறீங்க?"

ஹேமநாத்துக்கு வியர்த்தது. "கேட்டுச் சொல்றேன்."

"யாரைக் கேட்டு?"

"மெஷினைத்தான்... அதுல எல்லாம் தெரியும். உங்களுக்கு எந்த சுருதி வசதி?"

"நானும் கேட்டுச் சொல்றேன்."

"யாரை?"

"என் தொண்டையைத்தான். அப்புறம் ஒரு விஷயம். என் குரல் தனி ட்ராக்குல இருக்கணுமாம். அதனால மெஷினையே குடுத்துடுங்க. நான் தனியா உக்காந்து பாடிக்கறேன்."

எவ்வளவு விவரமான பெண் என்று ஹேமநாத் உருகினான். இவளிடம் உண்மையைச் சொன்னால் என்ன? சொல்லலாம்தான். ஆனால் முதல் சந்திப்பிலேயே பொய் சொன்ன குடும்பம் என்று அந்தச் சிரிப்பு மறைந்துபோனால்? அதை நினைத்தாலே அடிவயிறு கலங்கியது. அம்மா கொடுத்த ஓமத் தண்ணீரை ஒரே மடக்காகக் குடித்தான்.

வேறு வழியில்லாமல் அவன் பிடித்த ஆள்தான் சிட்டிபாபு. தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் கல்யாணக் கச்சேரிகளில் வாசிக்கும் மெல்லிசைக் குழுவில் கிட்டார்காரர். ராஜாராமன்தான் ஆள் காட்டினார்.

"இன்னா சார், ஒரு பாட்டுதானே? அசால்ட்டா அட்ச்சுட்லாம்" என்று சிட்டிபாபு வந்து உட்கார்ந்தார். "ஆனா பேர் வெளிய வரக்கூடாதுன்றே. ஏன் சார்?"

ஹேமநாத் விஷயத்தைச் சொன்னான். சிட்டிபாபு விழுந்து விழுந்து சிரித்தார்.

"பேஜார் பண்ணிக்காதே சார். நம்ம வாயிலர்ந்து ஒரு வார்த்தை வராது. எங்க வூட்டுக்காரிகிட்டகூட மூச்சு வுட மாட்டேன். அது காதுக்குப் போச்சுன்னா அவ்ளோதான், இங்க தப்பு, அங்க தப்புன்னு கச்சேரி முடிஞ்சும் குறை சொல்லிகினே கீற ஆளு அது."

விமானம் போகும்வரை காத்திருந்து, அடுத்தது தூரத்தில் முனகத் தொடங்கும்போது சிட்டிபாபு வாசித்து முடித்தார். ஹேமநாத்தின் கிட்டாருக்கே தனக்குள் இப்படி ஒரு சங்கீதம் இருந்தது அன்றுதான் தெரிந்திருக்கும். கதவுக்கு வெளியே அங்காளம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாசிப்பது யார் என்று தெரிந்தும் துடைத்துக்கொண்டாள். அதுதான் தாய்.

"கொஞ்சம் சுமாரா வாசிச்சிருக்கலாமே?" என்றான் ஹேமநாத் கவலையோடு.

"அது எனக்கு வராது சார்" என்றார் சிட்டிபாபு.

தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலத்தில் மெஷின் கை மாறியது. கூட்டம் இருவரையும் இடித்துக்கொண்டு போனது. தேவதர்ஷினி பையைத் திறந்து ஹெட்போன் இருக்கிறதா, பேட்டரி இருக்கிறதா என்றெல்லாம் பார்த்தாள். அவள் விரல் அவன் விரலில் பட்டது.

"விரல் நுனியெல்லாம் காய்ச்சுப் போயிருக்கே! அவ்ளோ பிராக்டிஸா?" என்றாள்.

அது அந்த ஒரு நாள் எலிப்பொறி உழைப்பின் பலன். ஹேமநாத் அடக்கமாகத் தலையாட்டினான். தலையாட்டியபிறகு ரயில் ஏறிப் பல்லாவரம் வரும்வரை தன்னைத் தானே திட்டிக்கொண்டு வந்தான்.

மறுநாள் சித்தப்பா தயாளன் போன் செய்தார்.

"மாப்ளே! என்ன கை மாப்ளே அது! வீடே மயங்கிப் போச்சு. ரெக்கார்டு ஒரு பக்கம் இருக்கட்டும், நிச்சயதார்த்தத்துல நேர்லயும் ஒரு பாட்டு வாசிக்கறீங்க. எங்க சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்!"

போனை வைத்த ஹேமநாத் நேராக மருந்துக் கடைக்குப் போய்ப் பஞ்சும் துணியும் வாங்கிவந்து, இடது கை நடுவிரலில் பெரிய கட்டாகப் போட்டுக்கொண்டான். ஃபேக்டரியில் கார் கதவு நசுக்கிவிட்டது என்று சேலையூருக்குத் தகவல் போயிற்று.

தகவல் போன வேகத்தைவிட வேகமாகத் திரும்பி வந்தது. நிச்சயத்துக்கு முன்னால் ரத்தக் காயமா, சகுனம் சரியில்லையே, தள்ளி வைக்கலாமா என்று அங்கே பேச்சாம். ஹேமநாத் பதறிப்போனான். "ரத்தமே இல்லை! வெறும் சுளுக்குத்தான்!" என்று போனில் கத்தினான்.

"சுளுக்கா? அப்ப கவலையே இல்லை" என்றார் தயாளன். அரை மணியில் ஆட்டோவோடு வாசலில் வந்து நின்றார். நேராகக் கூட்டிப்போன இடம், புத்தூர்க் கட்டுக் கட்டும் வைத்தியர் வீடு.

வைத்தியர் அந்த விரலைப் பிடித்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லாத விரல். அப்படி ஒரு விரலை அவர் அந்த அறையில் பார்த்ததில்லை போலிருக்கிறது. புருவத்தைச் சுருக்கினார்.

"உள்ளுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு, ஹேமநாத் "வேண்டாம்" என்று வாயைத் திறப்பதற்குள் ஒரு இழுப்பு இழுத்தார். ஹேமநாத்துக்குப் பொழிச்சலூர் விமானங்கள் அத்தனையும் கண் முன்னால் தெரிந்தன.

"இப்ப வந்துடுச்சு பாருங்க" என்று வைத்தியர் திருப்தியோடு, மூங்கில் பத்தை வைத்து, முட்டைப் பசை தடவி, தேங்காய் அளவுக்கு ஒரு கட்டுக் கட்டினார். வலி இல்லாமல் போனவன் வலியோடு வீடு திரும்பினான்.

அடுத்த நாள் தேவதர்ஷினி பேசினாள். பேசினாள் என்பதைவிடச் சிரித்தாள் என்று சொல்ல வேண்டும். ஹலோ சொல்வதற்கு முன்னாலேயே சிரிப்பு வந்துவிட்டது.

"விரல் எப்படி இருக்கு?"

"வலிக்குது" என்றான் ஹேமநாத். 'ஆறு கம்பி'க்குப் பிறகு அவன் அவளிடம் சொன்ன முதல் உண்மை அது.

"பாட்டு முடிஞ்சுது. நிச்சயத்துல கண்டிப்பா போடணும். நீங்க எதுக்கும் கவலையே படாதீங்க." மறுபடியும் சிரிப்பு. "இவ்ளோ நல்லா வாசிக்கிறவரைக் கட்டிக்கிட்டவ குடுத்து வெச்சவ."

அந்தப் பாராட்டு அவனைச் சுட்டது. நிச்சயம் முடிந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, அவள் என்ன செய்தாலும் ஏற்றுக்கொள்வது என்று முடிவு செய்தான். முடிவு செய்ததும் இன்னும் பயம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சேலையூர் மண்டபத்தில் பெண் வீட்டார் வரிசைத் தட்டுகளோடு வந்தார்கள். பழம் ஒரு தட்டு, பூ ஒரு தட்டு, கற்கண்டு ஒரு தட்டு. நடுவில் ஒரு தட்டில், வெற்றிலை பாக்குக்கு மேல், சந்தனப் பொட்டும் புதுக் குங்குமமுமாக நாலு ட்ராக் ரெக்கார்டர் வீற்றிருந்தது.

மண்டபத்து ஸ்பீக்கரில் மெஷினை மாட்ட வேறு யாருக்கும் தெரியாது. கட்டுப் போட்ட கையோடு ஹேமநாத்தாலும் முடியாது. அதனால் சிட்டிபாபுவையே வரவழைத்திருந்தான். அவரைச் சட்டையை இன் பண்ணவைத்து, கழுத்தில் ஃபேக்டரி அடையாள அட்டையைத் தொங்கவிட்டு, "என்கூட வேலை செய்யறவர்" என்று அறிமுகமும் செய்துவைத்தான். வாயைத் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை.

தேவதர்ஷினி கழுத்தில் ஒரு மப்ளர் சுற்றியிருந்தாள்.

"நேத்துப் பார்த்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுத் தொலைச்சிருக்கா" என்றார் தயாளன் வருத்தத்தோடு. "தொண்டை கட்டிக்கிச்சு. இல்லேன்னா நேர்லயே பாடியிருப்பா."

ஐயோ பாவம் என்று ஹேமநாத் அவள் கழுத்தைப் பார்த்தான். அவள் அவன் விரலைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மப்ளரால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி, போடுங்க!" என்றார் தயாளன்.

சிட்டிபாபு பட்டனை அழுத்தினார். கிட்டார் எழுந்தது. அதன் மேல் ஒரு குரல் வந்து உட்கார்ந்தது. மண்டபத்தில் பஜ்ஜி மெல்லும் சத்தம் நின்றது. கிட்டார் ஒதுங்கும் இடத்தில் குரல் நுழைந்தது. குரல் மூச்சு வாங்கும் இடத்தில் கிட்டார் தாங்கிப் பிடித்தது. ஒன்று சண்டை போட்டது, மற்றது சமாதானம் செய்தது. எங்கோ பின்னால் மெல்லியதாக ஒரு விமானமும் போனது. அதுவும்கூடச் சுருதி சேர்ந்தே போனது.

தாமோதரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முன் வரிசையில் இருந்த, பெண்ணின் பெரியம்மா முத்தாலம்மாள் கன்னத்தில் கை வைத்தாள்.

"என்னா பொருத்தம்டி இது! புதுசா ஜோடி சேரப்போறவங்க மாதிரியா இருக்கு? வருஷக்கணக்கா ஒண்ணா குடித்தனம் பண்ணவங்க மாதிரியில்ல இருக்கு!"

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஹேமநாத் பெருமையோடு சிட்டிபாபுவைத் திரும்பிப் பார்த்தான்.

சிட்டிபாபுவின் முகம் வெளிறிப் போயிருந்தது. வாயைப் பிளந்துகொண்டு ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரும் கேட்காமலேயே, முதல் ட்ராக்கை நிறுத்தினார். கிட்டார் போய்விட்டது. விமானமும் போய்விட்டது. பெண் குரல் மட்டும் தனியாக மண்டபத்தில் நின்றது.

"கிட்டார் எங்கேப்பா?" என்று கூட்டத்தில் யாரோ குரல் கொடுத்தார்கள். தயாளன் எழுந்து நின்றார். எல்லார் கண்ணும் மாப்பிள்ளை மேல் திரும்பியது.

ஹேமநாத் தாவிப் போய் சிட்டிபாபுவின் தோளைப் பிடித்தான். "என்ன பண்றீங்க? மானம் போகுது. கிட்டாரைப் போடுங்க!"

சிட்டிபாபு அசையவில்லை. காதை ஸ்பீக்கர் பக்கம் சாய்த்து, ஒரு சங்கதி முடியும்வரை கேட்டார். அந்தப் பக்கம் தேவதர்ஷினி மப்ளருக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிட்டிபாபு ட்ராக்கைத் திரும்பப் போட்டுவிட்டு, ஹேமநாத்தின் காதோடு காதாகச் சொன்னார்.

"அந்த பெரிம்மா கரீட்டாத்தான் சொல்லிகினு கீது சார்... பன்னெண்டு வருஷக் குடித்தனம். பாட்றது எங்க வூட்டுக்காரி!"